ஊட்டுக்கு வராதவரு பிரான்சுக்கு வந்தாரு

"ஏழு கழுத வயசாவுது, இன்னும் இன்னா டுமீல் டுமீல்னு வெளாட்டு?" கல்யாணமான புதுசுல எங்க ஊட்டுக்காரர நான் இப்படிக் கேக்காத நாளே இல்ல. ஷிப்டு முடிஞ்சு வருவாரு, கை கால் கழுவுவாரு, டீ கிளாச தூக்கினு நேரா கம்ப்யூட்டர் முன்னாடி போய் ஒக்காந்துடுவாரு. காதுல ஹெட்போன், வாய்க்கு நேரா மைக்கு. அந்தாண்ட ஒரு ஊரே எரிஞ்சிகினு இருக்கும். எல்லாம் அந்தக் காலத்து உலகப் போராம், பிரான்சு நாட்டுல நடக்குதாம். பனி, இடிஞ்ச செவுரு, சேத்துல மாட்டிகினு நிக்கற டேங்கு.

கும்மிடிப்பூண்டியில ரெண்டே ரூம் இருக்கற வாடக ஊடு எங்களுது. அவரு சுட்டுகினு இருக்க சொல்ல நான் பின்னாடி ஒக்காந்து கீரை ஆஞ்சிகினே வம்புக்கு இழுப்பேன்.

"இது யாருக்கும் யாருக்கும் சண்ட?"

"ஜெர்மன்காரனுக்கும் மத்தவங்களுக்கும்."

"நீங்க எந்தப் பக்கம்?"

"இன்னிக்கு நான் கனடாக்காரன்."

"நேத்து?"

"நேத்து ஜெர்மன்காரன்."

"தூ! சூடு சொரண இருக்குதா ஒங்களுக்கு?"

ஒருநாளு சர்ச்சு மணிக்கூண்டு மேல ஏறி நின்னுகினு சுட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! நான் ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறவ. "சர்ச்சு மேல நின்னா சுடுவீங்க?"ன்னு கேட்டா, "அதான்மா ஒயரமா இருக்குது"ன்றாரு. அன்னிக்கு தோசைக்கு சட்னி வெக்கல நான்.

அப்புறம்தான் ஒருநாளு ஒண்ணு கவனிச்சேன். மைக்குல எல்லாரையும் "டேய், மச்சி"ன்னு கூப்பிட்றவரு, ஒரே ஒரு ஆளை மட்டும் "அண்ணா"ன்னாரு. அதுவும் கொரலு எறங்கி. யாருன்னு கேட்டேன். தலைய குனிஞ்சிகினு, "எங்க அண்ணன்தான்"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் மூத்தாரு! எங்க கல்யாணத்துக்கே வராதவரு. அவங்க பொதட்டூர்பேட்டை பக்கம் நெலம் வச்சிருக்கற குடும்பம். நாங்க அந்த மாதிரி நெலத்துல நடவு நட்டவங்க வழி, இப்போ கம்பெனி வேலைக்குப் போறோம். தம்பி கேக்காம கொள்ளாம சர்ச்சுல தாலி கட்டிட்டான்னு, "இனிமே அவன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு அத்திப்பட்டு கரண்டு கம்பெனி வேலைக்குப் போனவரு, அதோட சரி. போனும் இல்ல, பேச்சும் இல்ல.

"ஊட்டுக்கு வராத அண்ணன் பிரான்சுக்கு மட்டும் வர்றாரா?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

சின்ன வயசுல ரெண்டு பேரும் பிரவுசிங் சென்டர்ல ஒரே சீட்டுல ஒக்காந்து ஆடின வெளாட்டாம் இது. சண்டைக்கு அப்புறம் ஒருநாளு அண்ணன் தானாவே இவரு டீம்ல வந்து நின்னாராம். நின்னு, "லெப்ட்ல வர்றான் பாரு"ன்னாராம். அவ்ளோதான். அன்னியிலருந்து லெப்டு, ரைட்டு, குண்டு போடு, செத்துட்டேன் வந்து எழுப்பு. இத தாண்டி ஒரு வார்த்த கெடையாது.

அதுக்கப்புறம் நான் திட்றத உட்டேன். அவரு வேல செய்யறது எளாவூர் பக்கம் தகடு அமுக்கற ஒரு பிரஸ் ஷாப்பு. தகடு வை, ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கு, எடு, மறுபடி வை. அங்க நாளெல்லாம் மனுசன ஒருத்தன் பேரு சொல்லி கூப்பிட மாட்டான். இங்க இன்னாடான்னா, "எங்கடா இருக்க, சீக்கிரம் வாடா, நீ இல்லன்னா செத்தோம்"னு ஒருத்தரு கத்தறாரு. அதுவும் கூடப் பொறந்தவரு. அந்தச் சண்ட எப்பவோ முடிஞ்சு போனது, ஜெயிச்சது யாரு தோத்தது யாருன்னு ஊருக்கே தெரியும். அதுல நின்னுகினு பேசறதுக்கு பயம் இல்ல போல. எங்க ஊட்டு சண்டதான் முடியவே இல்லியே.

எனக்கு ஏழாம் மாசம் வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம வளைகாப்புன்னு முடிவாச்சு. "அண்ணன கூப்பிடுங்க"ன்னேன். "வேணாம். ஊட்டுப் பேச்ச எடுத்தா இதுக்கும் வராம பூடுவாரு. எனக்கு இருக்கறது அந்தக் கொரலு ஒண்ணுதான்"னாரு. கண்ணு கலங்கிச்சு அவருக்கு. என்னாலதானே இந்த மனுசன் அண்ணன எழந்துட்டு நிக்கறாரு.

வளைகாப்புக்கு முந்தின ஞாயித்துக்கெழம. அண்ணனும் தம்பியும் ஏதோ ஒரு பாலத்த காவல் காத்துகினு இருக்கறாங்க. கம்பெனிலருந்து போன். ரிலீவர் வரலையாம், இவர வரச் சொன்னாங்க. ஷிப்டு வேலையில அடுத்த ஆளு வந்து நின்னாதான் இந்த ஆளு மெஷின உட்டு நகரலாம். அந்த வர்ற ஆளுதான் ரிலீவர். "அண்ணா, ரிலீவர் வரலையாம், ஓடறேன்"னு சொல்லி ஹெட்போன என் கையில குடுத்துட்டு, ஆப் கூட பண்ணாம வண்டிய எடுத்துகினு போயிட்டாரு.

ஹெட்போன காதுல வச்சுப் பாத்தேன். யாரோ இங்கிலீசுல எல்லாரையும் பின்னாடி வரச் சொல்லி கத்தறான். எல்லாரும் ஓடறாங்க. ஸ்கிரீன்ல எங்க ஊட்டுக்காரரு பொம்ம மட்டும் மரம் மாதிரி நிக்கிது. அது பக்கத்துல இன்னொரு சிப்பாயி, நகராம சுட்டுகினே இருக்காரு. மூத்தாரு கொரலு கேட்டுச்சு. "நோ, நோ! ரிலீவர் நாட் கமிங்! மை பிரதர் ஹியர்!"

அட கடவுளே! பட்டாளத்துக்காரன் கிட்ட போய் ரிலீவர் வரலன்றாரே! எனக்கு சிரிப்பு பொத்துகினு வந்துச்சு. அப்புறம்தான் ஒறச்சுது. தம்பி ஆளே இல்ல அங்க, வெறும் பொம்ம. அத உட்டுட்டு நகர மாட்டேன்றாரு.

சும்மா பாத்துகினு இருக்க முடியல. ஒக்காந்து மவுச புடிச்சேன். வானத்த பாத்தேன், தரைய பாத்தேன், எதையோ அமுக்கினேன். ஒரு குண்டு போய் நேரா மூத்தாரு காலடியில வுழுந்து வெடிச்சுது.

"டேய் பேமானி! வந்துட்டியா? என்னியேவாடா?"

"ஐயோ மாமா, நானு!"

மூத்தாரு எதிர்ல நிமிந்து நின்னு கூட பேசக் கூடாதுன்றது அவங்க ஊட்டு வழக்கம். நான் மொதமொதலா பேசின பேச்சு, அவர சாவடிச்சுட்டு பேசினதா போச்சு. அவரு சிப்பாயி பாலத்து மேல குப்புற கெடக்குது.

"எப்பிடி மாமா எழுப்பறது? எந்த பட்டன்?"

மெதுவா, "கிட்ட வந்து எஃப்ப அமுக்கும்மா. உடாம புடி"ன்னாரு.

புடிச்சேன். அவரு எழுந்து நின்னாரு. எனக்கு எங்கருந்து தைரியம் வந்துச்சோ, படபடன்னு கொட்டிட்டேன். "வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு வளைகாப்பு. ஒங்கள கூப்புட்டா இங்கயும் வராம பூடுவீங்கன்னு ஒங்க தம்பி பயந்துகினு கெடக்கறாரு."

ஒருத்தரும் சுடல. பாலம் காலி.

"நான் எதுக்கும்மா தெனிக்கும் வந்து இங்க ஒக்காந்துகினு கெடக்கறேன்? துப்பாக்கி புடிக்க ஆசயா?" அவரு கொரலு ஒடஞ்சுது. "என்னிக்காவது வாய் தவறியாவது 'ஊட்டுக்கு வாண்ணா'ன்னு சொல்லுவானான்னுதான்."

"ரெண்டு பேரு வாயிலயும் இன்னா கொழுக்கட்டையா?"ன்னு கத்திட்டேன், மூத்தாருன்னும் பாக்காம. கண்ணு ரெண்டும் கொட்டுது எனக்கு.

சாயங்காலம் எங்க ஊட்டுக்காரரு கிரீசு கையோட வந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். ஷூ கூட கழட்டாம ஹெட்போனுக்கு கை நீட்டினாரு. நான் புடுங்கிகினு போன குடுத்தேன்.

மணி அடிச்சுது. "அண்ணா"ன்னாரு. அதோட போன என் கையில திருப்பிக் குடுக்கப் பாத்தாரு. கையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"ஊட்டுக்கு வாண்ணா."

போன்ல மூக்க உறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. "வர்றேன்டா. எங்க எறங்கறது, எந்தத் தெரு, சொல்லு. எனக்கு உன் ஊடு எங்க இருக்குதுன்னே தெரியாதேடா."