தோற்கப் போகிறவருக்கு யார் மாலை வாங்குவார்?

போன ஞாயிறு எங்கள் சங்கத்தில் தலைவர் தேர்தல். பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

போட்டி இருவருக்கு. ஒருவர் அரிசிக்கடை முதலாளி, மோட்டார் வைத்திருப்பவர். இன்னொருவர் துறைமுக ஆபீஸ் கிளார்க்கு, சைக்கிள்காரர். சங்கத்தின் பின்னறையில் நான் நடத்தும் பெண்பிள்ளைகள் வகுப்புக்கு இடம் வாங்கித் தந்தவர் கிளார்க்குதான். முதலாளியோ, ஜெயித்தால் அந்த அறை நாடக ஒத்திகைக்கு என்று முன்பே சொல்லிவிட்டார்.

என் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு — இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியாததல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு என்னைவிடக் கர்வம். "என் கை கிளார்க்குக்குத்தாம்மா" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயித்தவருக்கு மாலை போடுவது சங்க வழக்கம். ஆளுக்கொரு மாலையோடுதான் ஹாலுக்குள் நுழைவார்கள். காலையில் அப்பாவோடு குயின் தெருப் பூக்கடைக்குப் போனேன்.

"மாலை யாருக்கண்ணே?" என்றார் பூக்காரர்.

"கிளார்க்குக்கு."

"காலையிலேர்ந்து கட்டினதெல்லாம் முதலாளிக்குத்தான். கிளார்க்குக்குன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்லா. சாயங்காலம் மிஞ்சினா வீட்டு வாசல்ல தொங்க விட்டுக்குங்க."

அப்பா சிரிக்கவில்லை. ஒரு மாலையை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் சங்கத்தில் ஓட்டு என்றால் கை தூக்குவதுதான். முதலாளி பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் சில கைகள். பின்வரிசை முன்வரிசையைப் பார்த்தது. பக்கத்து ஆள் பக்கத்து ஆளைப் பார்த்தார். பிறகு… ஹால் முழுக்கக் கைகள். அப்பாவின் கையும். அதைவிடக் கொடுமை — கிளார்க்கின் கையும்.

"எல்லாரும் தூக்கறப்ப நாம மட்டும் சும்மா ஒக்காந்திருந்தா பொறாமைன்னு நெனைப்பாங்கம்மா," என்றார் வெளியே வந்த கிளார்க்கு.

அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"இருந்தது ஒரே மாலைம்மா. தோக்கறவருக்குன்னு வச்சிருந்தா வீணாப் போயிருமே."

"நீங்க தூக்காமதானப்பா அவரு தோத்தாரு?"

"நான் ஒருத்தன் தூக்கினா ஆயிருமா?"

பிறகு சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். தனியாக. குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எனக்குக் கிளார்க்கைத்தான் பிடிக்கும் தங்கச்சி. ஆனா அவரு ஜெயிச்சு வரமாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க."

அந்த எல்லாரும் யார்? என் முன்னால் வந்து வந்து போனவர்கள்தான். அவர்கள் கைகளைச் சேர்த்திருந்தாலே கிளார்க்கு ஜெயித்திருப்பார்.

மறுநாள் பின்னறையிலிருந்து கரும்பலகையை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். "டீச்சர், நாளைக்கு எங்க வரணும்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேறு இடம் கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் ஒரே கேள்வி — "புதுத் தலைவர் என்ன சொல்றாரு?"

பிடித்தவருக்கு நம்மவர்கள் ஓட்டுப் போடாமலில்லை. தேர்தல் முடிந்த பிறகு போடுகிறார்கள்… என் காதில்.