யேசுதாஸுக்குப் பிடிக்காத பாட்டு

யேசுதாஸ் வாத்தியார் பாட்டுக்காகத்தான் பெண் கட்டினார் என்று மதுரையில் கேலி பேசுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சபையில் பிரசங்கம் செய்கிற வேதமாணிக்கம் உபதேசியார் கட்டிய கீர்த்தனைகள் என்றால் அவருக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதுகூட வாய் அதைத்தான் முணுமுணுக்கும். உபதேசியாருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று சொன்னதும், பேரைக்கூடக் கேட்காமல் சம்மதம் என்றவர் அவர். பேர் ஞானப்பூ. கல்யாணத்துக்குப் பிறகு பேரும் பிடித்தது, ஆளும் பிடித்தது.

பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்று, மாமனாரின் பெரிய பாட்டு.

பெரிய வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஆராதனையில் பாடுவதற்கென்றே கட்டியது அது. சிலுவைப்பாடு முழுவதும், ஏழு ராகத்தில், நிறுத்தி நிதானமாகப் பாடும் சவுக்க காலத்தில். உபதேசியாரின் இரண்டு மகன்களும் ஒரே வாரத்தில் காலராவில் மாண்டுபோன வருஷத்தில் பிறந்த பாட்டு. சபையில் அதைக் கேட்டு அழாதவர் கிடையாது. யேசுதாஸ் மட்டும் உத்தரத்தில் எத்தனை புறா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

சும்மா இருந்தாரா? வைகை மணலில் தனியே உட்கார்ந்து பாடிப் பார்த்தார். உபவாசம் இருந்து கேட்டார். செத்துப்போன மைத்துனர்களை நினைத்துக்கொண்டு கேட்டார். பிள்ளைகளுக்காகக் கண் கலங்கியதே ஒழிய, பாட்டுக்காக இல்லை. மாமனாரின் மற்றப் பாட்டெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இதுவோ அழு, அழு என்று சட்டையைப் பிடித்து உலுக்கியது. உலுக்க உலுக்க அவருக்கு நெஞ்சு இறுகிப்போனது.

1936-ம் வருஷத்து லெந்து என்கிற தவக்காலத்தில் மாமனாருக்கு இருமல் முற்றிவிட்டது. “இந்த வருசம் நீங்கதான் பாடணும் மாப்ள” என்றார்.

யேசுதாஸ் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். “வேற யாரையாச்சும் பாடச் சொல்லலாமே...”

ஞானப்பூ கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக? வருசா வருசம் நீங்க மோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறத நானும் பாக்கத்தான் செய்றேன். எந் தம்பிகளுக்காக அப்பா கட்டுனது அது. பிடிக்குதோ பிடிக்கலையோ, வாய மூடிக்கிட்டுப் பாடிட்டு வாங்க. அவரு காதுல மட்டும் இது விழுந்துச்சு, நான் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”

வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடுவது என்று கேட்கிற நேரமா அது? வெளியே வந்தார்.

குருத்தோலை ஞாயிறு மத்தியானம் ஒத்திகை. மாமனார் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஞானப்பூ சுருதிப்பெட்டியைப் போட்டாள். யேசுதாஸ் முகாரியில் எடுத்து ஒரு பிசகும் இல்லாமல் பாடிக்கொண்டு போனார். மூன்றாவது ராகத்தில் மாமனார் கையைத் தூக்கினார்.

“தாளம் தப்பல, சுருதி தப்பல. ஆனா மாப்ள, மத்தப் பாட்டுல நீங்க எங்கயாச்சும் சொக்கி நின்னுருவீக. நான்தான் தொடையில தட்டி இழுத்துட்டு வரணும். இதுல தட்டுற வேலையே இல்லையே. உங்களுக்கு இது பிடிக்கலையா?”

சுருதிப்பெட்டி நின்றது. ஞானப்பூ பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பம் பிழைத்துவிடும். யேசுதாஸ் வாயைத் திறந்தார். இந்த மனுஷரின் பாட்டைப் பற்றி இந்த மனுஷரிடமே பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“பிடிக்கல மாமா. கல்யாணம் ஆன நாள்லேருந்து முட்டி முட்டிப் பாக்குறேன். கொற எங்கிட்டதான் இருக்கணும்.”

கிழவர் முகம் கறுத்தது. “எம் பிள்ளைகளப் பொதச்சிட்டு வந்து கட்டுனதுய்யா.”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சதாலதான் இம்புட்டு நாளா வாயத் தொறக்கல.”

“பிடிக்காதவன் பாட வேண்டாம்” என்றார் வேதமாணிக்கம். மாப்பிள்ளையை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசாத வாய் அது. “நீ பாடு தாயி” என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க ஞானப்பூ தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

பெரிய வெள்ளியன்று யேசுதாஸ் கோயிலுக்குப் போனார். முன் பெஞ்சில் மாமனார் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாமனார் எழுந்து போகச் சொல்லவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஞானப்பூ பாடினாள். எப்பேர்ப்பட்ட பாட்டு! சபையே விம்மியது. பக்கத்தில் கிழவரின் தோள் குலுங்கியது. ஆண்டவரே, இந்த ஒரே ஒரு தடவை என்று யேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினார். ஒன்றும் அசையவில்லை.

வெளியே, சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, மாமனார் கேட்டார். “இன்னைக்காச்சும்?”

“இல்ல மாமா.”

“எம் மக அம்புட்டு நல்லாப் பாடியுமா?”

“அவ நல்லாத்தான் பாடுனா. எனக்குத்தான் வரல.”

கிழவர் இருமி முடித்தார். “சரியான கல்லுளிமங்கன்யா நீங்க” என்றார். “அடுத்த வருசமும் வந்து எம் பக்கத்துல உக்காருங்க. நானா நீங்களான்னு பாத்துருவோம்.” கையை நீட்டினார். யேசுதாஸ் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

ஐப்பசி மழையோடு வேதமாணிக்கம் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு யேசுதாஸ் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை. பாடி முடித்து ஞானப்பூ வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பிடிக்கல புள்ள” என்றார் அவர். சொல்லிவிட்டு, கோயில் காலியான பிறகும், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார். அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.