மிச்சம் வைக்கக் கூடாத எண்ணெய்

என் மனைவிக்கு மசக்கை கண்ட அந்த வெயில்காலத்தில் அரியலூரே தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைத் தூசி கீழே இறங்க மனமில்லாமல் பகலெல்லாம் அந்தரத்தில் நின்றது. தூரத்தில் கூட்ஸ் வண்டி போனால், அது போய் முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருப்பதுபோல் கேட்கும்.

அவள் கூடத்துச் சிமெண்டுத் தரையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். எந்த வீட்டில் கடுகு வெடித்தாலும் எழுந்து கொல்லைக்கு ஓடுவாள். சோறு கொதிக்கிற வாசனை ஆகாது. ரசம் ஆகாது. நானும் ஆகவில்லை, ஆனால் அதற்கு மசக்கையைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு முன் ஒரு தடவை, மூன்றாம் மாதத்தில், கைநழுவிப் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இந்த முறையும் அவள் உடம்பில் எதுவும் தங்கவில்லை. தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. எனக்குப் பயம் கூடக்கூட வாயில் வேடிக்கை கூடும். அந்த நாட்களில் என் ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது என்றால், என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"அக்கா செஞ்சுதே, நூல் நூலா, பூண்டு போட்டு. அது இருந்தா ரெண்டு வாய் தின்னுவேன் போலருக்கு."

அவளுடைய அக்கா கன்னியாஸ்திரீ. ரோமில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்துமஸ் லீவுக்குத் தங்கள் ஊரான ஏலாக்குறிச்சிக்கு வந்தபோது இரண்டு பாக்கெட் ஸ்பகட்டி என்கிற இத்தாலிச் சேமியாவும் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார். ஒரு பாக்கெட்டை எல்லோருக்கும் செய்து போட்டார். இன்னொன்று எங்கள் வீட்டு அலமாரியில், ஊதுபத்திக் கட்டுபோல, பிரிக்காமல் கிடந்தது. எண்ணெய்தான் இல்லை. ரோமிலிருந்து வந்த எண்ணெயை வயிற்றில் ஊற்றுவது பாவம் என்று என் மாமனார் மிச்சம் முழுவதையும் மாதா கோயில் விளக்கில் ஊற்றிவிட்டிருந்தார். இரண்டு வாரம் நன்றாக எரிந்ததாம்.

"நல்லெண்ணெயில செஞ்சா?" என்று கேட்டேன்.

"அந்தப் பேர சொல்லாதீங்க," என்று கொல்லைப்பக்கம் ஓடினாள்.

எங்கள் ஊரில் ஆலிவ் எண்ணெய் கிடைக்கிற ஒரே இடம் மருந்துக்கடை. கைக்குழந்தைக்குத் தேய்ப்பதற்காகச் சின்னப் பாட்டிலில் விற்பார்கள். சைக்கிளை மிதித்தேன்.

"அண்ணே, ஆலிவ் ஆயில் இருக்கா?"

"இருக்கு தம்பி." கடைக்காரர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கொழந்த எத்தன மாசம்?"

"இன்னும் பொறக்கலீங்க."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"பொறக்காத புள்ளைக்கு யாராச்சும் எண்ணெ வாங்குவாங்களா? சட்டை, பால்புட்டி, எதுவுமே மின்னாடி வாங்கப்படாது. வூட்டுல சொல்றதுக்கு ஆள் இல்லியா?"

"தேய்க்கறதுக்கு இல்லண்ணே. சமைக்கறதுக்கு. பூண்ட இதுல வதக்கி..."

"மருந்துக்கடையில தாளிக்க எண்ணெ கேட்ட மொத ஆளு நீதான். கடுகு வேணுமா? இருமல் மருந்துக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்ற நாளாக இருந்தால், சகுனம் பார்க்கிறவர்களை நான்தான் முதலில் கேலி செய்வேன். அன்று முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. அவரே மனமிரங்கி பாட்டிலை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ. ஆனா மிச்சம் வைக்காத. கொழந்த எண்ணெ வூட்டுல தங்கப்படாது."

சட்டைப்பையில் தேளை வைத்துக்கொண்டு வருகிறவன்போல வீடு வந்து சேர்ந்தேன்.

கொல்லையில் வேப்பமர நிழலில் ஸ்டவ்வைக் கொண்டுபோய் வைத்தேன். பட்டம் விடுகிற பையன்போல விரலை எச்சில்படுத்திக் காற்றின் திசையைப் பார்த்தேன். காற்று தெருவைப் பார்த்துப் போனது. வாசனை அவளிடம் போகாது. அவள் உள்ளே படுத்தபடி, முந்தானைக்குள்ளிருந்து உத்தரவு போட்டாள்.

"தண்ணியில உப்புப் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

தண்ணீர் கொதித்தது. பாக்கெட்டைப் பிரித்தேன். எங்கள் வீட்டிலேயே பெரிய பானை அதுதான். அதைவிட ஸ்பகட்டி நீளம்.

"உள்ள போகமாட்டேங்குதே! ஒடச்சிடட்டுமா?"

"ஒடைக்காதீங்க!"

அந்தக் குரலுக்கு என் கை நின்றுவிட்டது. ஸ்பகட்டிக் கட்டைக் கொதிநீரில் நட்டுவைத்துப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அது நடந்தது. அடியில் ஊறியவை மெல்ல வளைந்தன. தூங்கிப்போகிறவர்கள் தலை சாய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, யாரும் தள்ளாமலே தண்ணீருக்குள் இறங்கின. வேப்பம்பூக்கள் இரண்டு கூடவே விழுந்தன. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, தெரியாது.

"செத்துட்டீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து.

சோறு வடிக்கிறதுபோல வடித்தேன். கஞ்சியில் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொன்னாள். வாணலியை வைத்து, திரியை ஆன மட்டும் இறக்கினேன். பூண்டை நகத்தின் பருமனுக்குச் சீவி வைத்திருந்தேன். பாட்டிலைத் திறந்து நாலு கரண்டி ஊற்றினேன். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.

மிச்சம். அந்தச் சொல் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எங்கே வைப்பது? அலமாரியில்? அவள் கண்ணில் பட்டுவிட்டால்? மண்ணில் ஊற்றலாமா? அதுவும் சகுனமாக இருந்து தொலைத்தால்? இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம். பிறகு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தட்டித்தட்டிக் கடைசிச் சொட்டையும் இறக்கினேன். பூண்டுச் சீவல்கள் பொன்னிறக் குளத்தில் சோம்பலாக மிதந்தன. கடுகு இல்லை, வெடிப்பு இல்லை, புகை இல்லை. இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். ஸ்பகட்டியைப் போட்டு, கஞ்சி விட்டுப் புரட்டினேன். அந்தக் கஞ்சியும் சேர்ந்துகொண்டதில் எல்லாம் பளபளவென்று மினுங்கியது.

தட்டை முன்னால் வைத்தேன். அவள் முந்தானையை இறக்கி மோந்து பார்த்தாள். ஓடவில்லை.

"என்னங்க, இப்படி நீச்சலடிக்குது?"

"இத்தாலிக்காரங்க இப்படித்தான்..."

"எங்கக்கா ரெண்டு கரண்டிதான் ஊத்துச்சு."

ஓர் இழையை எடுத்து, நுனியை வாயில் வைத்து உறிஞ்சினாள். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு வாய். நான் எதிரே குந்தி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்குகிறது, இறங்குகிறது, மேலே வரவில்லை. உதட்டிலிருந்து மோவாய் வரைக்கும் எண்ணெய் வழிந்தது. கண் பாதி மூடியிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே கை நீட்டி, ஸ்டவ்வுக்குப் பக்கத்திலிருந்து நான் தூக்கிவந்திருந்த பாட்டிலை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கடைக்காரரு மிச்சம் வைக்கப்படாதுன்னாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

"பயந்தாங்கொள்ளி," என்றாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "எனக்கும்தான் பயம். அதுக்காக முழு பாட்டிலா?"

சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். அவள் கொல்லைக்கு ஓடவில்லை. அப்படியே தரையில் தூங்கிப்போனாள். மூக்கின்மேல் முந்தானை இல்லை. வாணலியில் தேங்கியிருந்த எண்ணெய்தான் பாக்கி. அதையும் விட்டுவைக்கப் பயந்து, ஆடிக்கொண்டிருந்த என் இரண்டு முழங்காலிலும் தேய்த்துத் தீர்த்தேன். திங்கட்கிழமை ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் பூண்டு வாசனைக்கு மூக்கைச் சுளித்து, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கார்த்திகை மழையில் மகள் பிறந்தாள். நனைந்துகொண்டே மருந்துக்கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சின்னப் பாட்டிலை எடுத்து, துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"தாளிக்கவா, தேய்க்கவா?"

"தேய்க்கத்தாண்ணே," என்றேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.