பனிமூட்டத்தில் நைனா

நான் பயந்தாங்கொள்ளி. சிறுசேரிக்குப் போகும் கம்பெனி வண்டி கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிற ஆள். அப்படிப்பட்ட நான், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போய்க் கூடாரத்தில் தங்கினேன் என்றால் என்னாலேயே நம்ப முடியவில்லை. எல்லாம் என் அப்பாவின் ஆசை. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். படாளத்தில் கரும்பும் நெல்லும் வைத்து, மாடுகளோடு மாடாக உழைத்த மனுஷன். எழுபது வயதை நெருங்கும்வரை அவர் ஏறிய ஒரே மலை திருக்கழுக்குன்றம். டிவியில் மலையைக் காட்டினால் தட்டில் கை அப்படியே நின்றுவிடும்.

"சாவறதுக்குள்ள ஒரு தபா அங்க போய் நின்னு பாத்துடணும்மா" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் எப்படி மறுப்பது?

முதல் நாள் நடை முழுக்க எனக்கு உயிர் கையில்தான் இருந்தது. ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் புல்மேடு, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். வனத்துறை வழிகாட்டி முன்னால் போக, நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். நான் புல்லைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். காலில் அட்டை ஏறியதைப் பார்த்துக் கூச்சல் போட்டேன். நைனா குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, இத்துணூண்டு கீது, இதுக்குப் போய் கத்திகினு கீற. நம்ம ஏரி அட்டைய நீ பாத்ததே இல்லியா?"

சாயங்காலம் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கரேலென்று, ஒவ்வொன்றும் ஒரு குட்டி யானை. வழிகாட்டி கூடாரங்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார்.

"விடியும்போது இதுங்க இந்தப் பக்கம் மேய வரும். நான் வந்து கூப்பிடுற வரைக்கும் யாரும் கயித்தத் தாண்டாதீங்க."

"மாடுதானே. நா பாக்காத மாடா?" என்று நைனா என் காதில் சொன்னார்.

நைனாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடிவதற்குள் தண்ணீரை எடுத்துக்கொண்டு வயற்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவார். அவருக்காகவே வீட்டில் கக்கூஸ் கட்டினோம். அதில் அவர் உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். முகாமில் இருந்ததோ ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ், வெளியே வரிசையில் வயசுப் பிள்ளைகள். அதைப் பார்த்ததுமே அவர் முகம் போன போக்கை நான் கவனித்திருந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

விடியலில் கண் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கூடாரத்தின் ஜிப் திறந்திருந்தது. தண்ணீர் பாட்டிலையும் காணோம். வெளியே தலையை நீட்டினால் ஒரே பனி. அடுத்த கூடாரம்கூடத் தெரியவில்லை. காலடியில் மட்டும் ஈரப்புல் மிதிபட்டுப் படிந்திருந்தது. அந்தத் தடம் கயிற்றைத் தாண்டிப் போயிருந்தது.

"நைனா!" என்று கத்தினேன். பதில் இல்லை. படாளத்தில் நாலு கழனி தள்ளி நின்று கூப்பிட்டாலும் "ஓய்" என்று குரல் கொடுப்பவர். காதும் பாம்புக் காது. தொண்டை கிழிய மறுபடி மறுபடி கத்தினேன். பதிலுக்குப் பனிக்குள்ளிருந்து "புஸ்" என்று ஒரு மூச்சு வந்தது. மனுஷ மூச்சு இல்லை அது. கயிற்றைத் தூக்கி ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

ஓடி வந்த வழிகாட்டி என் தோளைப் பிடித்து இழுத்தார். "அக்கா, கத்தாதீங்க. அது மிரண்டா யாரையும் விடாது. பனி விலகட்டும்."

பனி விலகும்வரை அங்கேயே நின்றேன். என்னைப் போக விடாத அந்த மனிதர்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. குத்துப்பட்டுக் கிடக்கிறாரோ, அதனால்தான் குரல் வரவில்லையோ என்று மனசு என்னென்னவோ காட்டியது. ஊரில் இருக்கும் தம்பிக்கு என்ன பதில் சொல்வேன்? திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரா, அவரை முழுசாகக் கொடு, அத்தனை படியும் ஏறி வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முடிமேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று என் வீட்டாருக்குத் தெரியும்.

மெல்ல வெளுத்தது. முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு சரிவில் குறுக்காக நின்ற பெரிய காளை. அதற்கும் பின்னால், ஒரு பாறையை ஒட்டிக் குந்தியபடி, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நைனா. அசையவே இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியவில்லை. காளை எங்களை ஒரு பார்வை பார்த்தது. இன்னும் நாலு வாய் மேய்ந்தது. அப்புறம் தன் பாட்டுக்குச் சரிவில் இறங்கிப் போயிற்று.

நைனா பாறையைப் பிடித்து எழுந்து, தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவர் கால் பட்டதும் எனக்குப் பயமெல்லாம் கோபமாக மாறியது. எல்லார் எதிரிலும் பிடித்துக்கொண்டேன்.

"அவ்ளோ கத்துறனே, ஒரு ஓய்னு கொரல் குடுக்கக் கூடாதா? வாயில இன்னா வெச்சிகினு இருந்த? நா செத்தே பூட்டேன் நைனா!"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"கேட்டுச்சிம்மா. நீ கூப்ட்டது எல்லாமே கேட்டுச்சி" என்றார். "அது எனக்கும் உனக்கும் நடுவுல நின்னுகினு இருந்திச்சி. பனியில உனக்குத் தெரியாது. நா ஒரு கொரல் குடுத்தா, நீ நேரா அது மேலயே ஓடியாந்திருப்ப."

அவர் வேட்டி முழுக்க நனைந்திருந்தது. பனியா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. என் போர்வையை எடுத்து வந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.