படத்தில் பன்னிரண்டு பேர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணிப் பார்க்க முடியாத எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். இது நான் எண்ணிப் பார்த்த விஷயம்.

எனக்குச் சொந்த ஊர் கறம்பக்குடி. மகள் செல்வி காதலித்துக் கட்டிக்கொண்டது ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் முருகனை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய படம், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. வெள்ளைக்காரர் யாரோ அந்தக் காலத்தில் வரைந்த ஓவியத்தின் நகல். மலை மாதிரி அலை, பாய்மரம் முறிந்த கப்பல், முன்னால் ஒரு சிறு படகில் துடுப்போடு மல்லாடும் மாலுமிகள். போகும்போதெல்லாம் எண்ணுவேன். எட்டுப் பேர்.

"கடலுக்குப் போற வீட்டுல இந்தப் படம் தேவையா மாப்பிள்ளை?" என்று கேட்டால், "வந்த நாள்லேருந்து இப்படியேதான் நிக்கிறாங்க மாமா, இன்னும் முழுகலையே!" என்று சிரிப்பார்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை படகுத்துறைக்கு நானும் போனேன். மாப்பிள்ளையோடு மூன்று பேர் ஏறினார்கள். பழக்க தோஷம், விரலை நீட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று சத்தமாக எண்ணிவிட்டேன். பக்கத்துப் படகுக்காரர் முகத்தைச் சுளித்தார். செல்வி என் கையைத் தட்டிவிட்டாள்.

"கடலுக்குப் போறவங்களத் தலை எண்ணக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றதுப்பா!"

மறுநாள் விடிந்ததும் எல்லாப் படகுகளும் திரும்பின, மாப்பிள்ளையின் படகைத் தவிர. நடுக்கடலில் சூறைக்காற்றாம். "எல்லை தாண்டிட்டாங்கன்னு பிடிச்சு வச்சிருப்பாங்க" என்றார் ஒருவர். "பிடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே" என்று அழுதாள் செல்வி. மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கவலை வந்தால் எனக்கு எதையாவது எண்ண வேண்டும். மின்விசிறி இறக்கை மூன்று, ஜன்னல் கம்பி பதினொன்று, படத்தில் பன்னிரண்டு.

பன்னிரண்டு!

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன், நம்பினால் நம்புங்கள், பன்னிரண்டேதான், அந்த எட்டுப் பேரும் நான்கு பேரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவருடைய கால் இன்னும் அலைக்குள் கிடக்கிறது! "செல்வி, ஓடி வாம்மா!" என்று கத்தினேன். தலை எண்ணவே கூடாது என்கிறவள் விரல் வைத்து எண்ணினாள். அவளுக்கும் பன்னிரண்டு.

"அந்தப் பச்சக் கட்டம் போட்ட கைலி... அது இவரோடதுப்பா."

சாயங்காலம் ஃபோன் வந்தது. படகு மூழ்கிவிட்டது, ஆட்கள் நான்கு பேரும் மீமிசல் பக்கம் கரை ஒதுங்கிவிட்டார்கள், உயிரோடு! இந்த வயதில் நான் குதித்தேன். வேன் பிடித்துக் கூட்டிவந்தோம். யார் காப்பாற்றியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"யாரோ தூக்குனாங்க மாமா. துடுப்புச் சத்தம் கேட்டுச்சு. அம்புட்டுத்தான் ஞாபகம்" என்றார் மாப்பிள்ளை.

உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நால்வரும் இந்நேரம் படகைவிட்டு இறங்கியிருப்பார்கள் என்று படத்தைத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு.

இன்றைக்கும் பன்னிரண்டு. மாப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார், மறுபடி கடலுக்குப் போகிறார், கேலி பேசுகிறார். போன வாரம் நான் போனபோது செல்வி அந்தப் படத்தின் மேல் ஒரு சேலையைப் போட்டு மூடியிருந்தாள். நான் சேலையை விலக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அவருதான் வந்துட்டாருல்ல" என்றாள்.

என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது.