பின்சீட்டில் ரேடியோ

பிரேக் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆள் அரவமே இல்லாத சாலையிலும் "பிரேக்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவர் பாடத்தை ஆரம்பிப்பார். ஓர் அறை அலுவலகம், ஒரு சின்னக் கார். அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

கணவர் பேக்கரியில் இரவு வேலை பார்த்தார். பகலில் தூங்கினார். பள்ளி விட்டு மகள் வீடு திரும்பும் நேரம் அவருக்கு நடுநிசி மாதிரி. மகளுக்கு ஒன்பது வயது. அவள் இருக்கும் வீட்டில் தூங்க முடியாது என்பதைக் கணவர் சண்டை போடாமல், கண்ணீரோடு சொன்னார். டியூஷனில் சேர்த்தார்கள். டியூஷன் டீச்சர் ஒரே வாரத்தில் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டார்.

"இவளுக்குச் சொல்லிக் கொடுத்துடலாம்மா. மத்த பிள்ளைங்க எல்லாம் புத்தகத்தை விட்டுட்டு இவ எங்க பார்க்கிறாளோ அங்கயே பார்க்குதுங்க. நானும் பார்க்கிறேன்."

குழந்தை மருத்துவர் நிதானமாகச் சோதித்து, ஏடிஎச்டி என்றார். கெட்ட பிள்ளை இல்லை, கவனம் ஓர் இடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "நம்ம கார்ல 'எல்'னு ஒரே ஓர் எழுத்துதான் ஒட்டியிருக்கு. இவளுக்கு நாலு" என்று அக்கா கணவரிடம் சொன்னார். வேறு வழியில்லாமல் மறுநாளே மகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து பாடம் இப்படித்தான் நடந்தது. முன்னால் கற்றுக்கொள்பவர் வேர்த்து விறுவிறுத்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பின்னாலிருந்து குரல் வரும்.

"அந்த அண்ணனோட செருப்பு வார் அறுந்திருக்கு, இப்போ குனியப் போறார். அந்தப் பந்து உருண்டு வரும், பின்னாடியே ஒரு பையனும் வருவான். அம்மா, சிலிண்டர் வண்டிக்காரர் திரும்பறதுக்கு முன்னாடி தலையைச் சொறிவார், பாரு, சொறியறார். அந்த நாய்க்கு ரோட்டைத் தாண்ட ஆசை, ஆனா இன்னும் முடிவு பண்ணல."

"வாயை மூடுடி. சார், அவ சொல்றதைக் காதுல வாங்காதீங்க" என்பார் அக்கா.

எல்லாரும் தலையாட்டிவிட்டுக் காதில் வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு ரேடியோ என்று பெயரும் வைத்தார்கள். அண்ணன் குனிவார், பந்து வரும், பையன் வருவான். அந்தச் சமயத்தில் பிரேக் அக்காவிடம் படித்தவர்கள் எல்லாரும், தேர்வு நாள் காலையிலும் ரேடியோவோடு அதே சாலையில் ஒரு சுற்று போய்வந்து, தேர்வில் ஜெயித்தார்கள். தன் பயிற்சி அப்படி என்று அக்கா நம்பினார்.

பிறகு ஒருவர் புகார் எழுதினார். காரில் ஒரு குழந்தை ஓயாமல் பேசுகிறது, கவனம் சிதறுகிறது என்று. போக்குவரத்து அலுவலகத்து இன்ஸ்பெக்டர் அக்காவைக் கூப்பிட்டு அந்தப் புகாரைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அக்காவுக்கு மானம் போயிற்று. அன்றே மகளைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை இன்ஸ்பெக்டரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் தேர்வுக்கு வந்த வங்கி ஊழியர் காலியான நாற்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலயே சார்."

"சிக்னல் பச்சை."

"பார்க்கிறேன் சார். பச்சையா இருந்தா மட்டும் போதுமா?"

அடுத்து வந்த தையல்காரர் காலியாக இருந்த பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடைபாதையில் மெதுவாக ஏற்றி நிறுத்தினார். மூன்றாவது ஆள் ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு தெரு முனையிலும் இன்ஸ்பெக்டரிடம் "அப்புறம் என்ன ஆகும் சார்?" என்று கேட்டார். அவருக்கும் தோல்வி.

இன்னும் ஒருவர் தோற்றால் பயிற்சிப் பள்ளியின் உரிமம் ரத்து என்று கடிதம் வந்தது. "இந்த வண்டி போச்சுன்னா எனக்கு வேற வேலை தெரியாது" என்று அக்கா கணவரிடம் சொன்னார். அவர் மாவு படிந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

அடுத்துத் தேர்வுக்குப் போக வேண்டியவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷி, கொஞ்சம் பயந்த சுபாவம். அடுத்த நாள் தேர்வு என்ற நிலையில் அக்கா அவரைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். கார் முழுக்க அமைதி. டாக்டர் முதல் திருப்பத்திலேயே ஓரம் கட்டினார்.

"அக்கா, என்னால முடியாது. ரேடியோ எங்க?"

"நாளைக்கு அவ வர முடியாது டாக்டர். புகார் வந்திருக்கு. கவனம் சிதறுமாம்."

"யாருக்குக் கவனம் சிதறுது? எனக்கு இருக்கிற கவனம் ஒரு பல்லுக்குத்தான் காணும். பக்கத்துப் பல்லை நர்ஸ் சொல்லித்தான் பார்க்கிறேன். அவளுக்கு ரோடு பூரா ஒரே வாயாத் தெரியுதுக்கா. இத்தனை நாளா எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தான்னு நினைச்சீங்க?"

 அக்கா வண்டியை ஜெராக்ஸ் கடைக்கு விடச் சொன்னார். மகளைக் கூட்டிப் போகிறேன் என்றதும் கடைக்காரரின் முகம் வாடிவிட்டது. "மெஷின்ல பேப்பர் சிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறாக்கா. நாளைக்கு ஒரு நாள் மட்டும்தானே?" என்று கேட்டார்.

தேர்வு நாளன்று டாக்டர் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில், அக்காவின் இடத்தில், இன்ஸ்பெக்டர். பின்சீட்டில் ஒருவர் பயணியாக வரலாம் என்பது விதி. ரேடியோ ஏறிக்கொண்டாள். அக்கா வெளியே நின்றார்.

"ஓட்டுறவங்ககிட்ட யாரும் பேசக்கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்ககிட்ட பேசலாமா சார்?"

அவர் விதிகள் அச்சிட்ட அட்டையை முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "பேசக்கூடாதுன்னு போடல."

"அப்போ சரி சார். வலது பக்கம் ஒரு தாத்தா கடிகாரத்தைப் பார்க்கிறார், அவசரமா குறுக்க வருவார். அந்த லாரிக்காரர் சாப்பாட்டைப் பிரிச்சுட்டார், கிளம்ப மாட்டார், நம்பித் தாண்டலாம். உங்க சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கு சார், அது அப்புறம். ஸ்கூட்டர் அக்கா கண்ணாடியே பார்க்கல சார்."

இத்தனை வருடமும் கார்களில் உட்கார்ந்து மதிப்பெண் தாளையே பார்த்துவந்த மனிதர் அவர். முதல் தடவையாக நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். அது முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஏதோ செய்யப்போகிறவர்களாகத் தெரிந்தார்கள். அவருடைய கால் தன் பக்கத்து பிரேக்கின் மேல் போய் நின்றது. தேர்வின்போது அவர் அதை அழுத்திவிட்டால் ஓட்டுகிறவர் தோற்றார் என்று அர்த்தம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"சார், உங்க கால் பிரேக் மேல இருக்கு."

"தெரியும்."

"இன்னும் எதுவும் ஆகல சார். எடுத்துடுங்க. ஆகப்போறப்போ நான் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் காலை எடுத்தார்.

"இப்போ ஆகப்போகுது சார். அந்த வெள்ளைக் கார்ல இருக்கிறவர் பெல்ட்டைக் கழட்டிட்டார். பின்னாடி பார்க்கல. கதவைத் திறப்பார்."

டாக்டர் வேகத்தைக் குறைத்து விலகினார். வெள்ளைக் காரின் கதவு அகலமாகத் திறந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கால்களையும் சீட்டின் மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிரேக்கை யாரும் தொடவில்லை.

திரும்பி வந்ததும் வெற்றி என்று எழுதி, கையெழுத்தை இரண்டு இடத்தில் போட்டார். அக்காவின் உரிமம் தப்பியது. பல் டாக்டர் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் இன்ஸ்பெக்டர் இறங்கிப்போய் வரிசையில் நின்ற அடுத்த காரைப் பார்த்துவிட்டு, அதில் ஏறாமல் திரும்பி வந்தார்.

"பாப்பா, நீ மத்த வண்டியிலயும் கொஞ்சம் வந்து உட்காரேன்."

"அதே ரோடா சார்?"

"அதே ரோடுதான்."

"அதான் பார்த்தாச்சே."

அவர் கெஞ்சலாக அக்காவைப் பார்த்தார். "அவளுக்கு வீட்டுப்பாடம் இருக்கு சார்" என்றார் அக்கா. அன்று மீதி ஆட்களுக்குத் தேர்வு நடக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு உடல்நிலை சரியில்லை என்று அலுவலகப் பலகையில் எழுதியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது அக்காவே ஓட்டினார். மகள் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பைக் கண்டுபிடித்திருந்தாள். அது ரப்பர் விளிம்பில் ஏறுமா இறங்குமா என்பதைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. மூச்சுக்கூட மெதுவாக விட்டாள். கூப்பிட்டாலும் காதில் விழவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. சந்தியில் யாருமே இல்லை. பிரேக் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பின்னால் திரும்பினார். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"ஏய், ஏதாவது சொல்லுடி" என்றார்.