கட்டைவால் பூனையும் சுவாமியாருக்குப் போன பங்கும்

போன நவம்பரிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இனிப் போதும். மான் வேட்டைக்கு, மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள எஸ்திரிப் பக்கம் எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாதையும் செலவும் சொல்கிறேன். கூடவே, மொன்றியல் தமிழரிடையே என்னைப் பற்றி உலாவும் கதையின் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் என் அக்காவின் கணவர். ஐம்பத்திரண்டு வயதிலும் நான் அந்த அத்தானுக்குத் தம்பிதான். மற்றவர் ஞானம் அண்ணை. துவக்கு, கத்தி, குளிர்ப்பெட்டி எல்லாம் ஆற்றுக்கு அக்கரைப் புறநகரான புரோசார்ட்டில் இருக்கும் அவருடைய கராஜில்தான். வெள்ளி மதியம் அங்கிருந்து கிளம்பினோம். பத்தாம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே தொண்ணூறு கிலோமீற்றர், பிறகு சிறு வீதியில் பதினெட்டு. ஒன்றரை மணித்தியாலம் போதும். போய்வரப் பெற்றோல் அறுபது டொலர். கடைசிச் சந்தியில் உள்ள டெப்பனரில், அதாவது மூலைக் கடையில், ஐஸும் பாணும் வாங்கிவிடுங்கள், அதற்கப்பால் கடை இல்லை. அங்கே கோப்பி மட்டும் குடிக்காதீர்கள்.

நாங்கள் தங்குவது மர்சேல் என்ற முதியவரின் ஆப்பிள் தோட்டத்துக்குப் பின்னால். சிறிய மரக்குடில், வார இறுதிக்கு முந்நூறு டொலர், காட்டில் வேட்டையாடும் அனுமதியும் அதற்குள் அடக்கம். எட்டு வருடமாக எங்களுக்கு மட்டுமே தந்தார். அந்த எட்டு வருடமும் அவரோடு கதைத்தது நான் ஒருவன்தான். அத்தானிடம் பொன்ஜூர், மெர்சிக்கு மேல் பிரெஞ்சு கிடையாது. ஞானம் அண்ணையிடம் அதுவும் கிடையாது. முப்பது வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறார்கள்!

போன தடவை தோட்டத்து ஓரத்தில் ஒரு கட்டைவால் பூனை நடமாடியது. ஆங்கிலத்தில் பொப்கற் என்பார்கள். வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரியது, புள்ளி விழுந்த உடம்பு, வெட்டிவிட்டதுபோல் வால். அன்று மாலை மர்சேலும் பக்கத்துக் காணிக்காரர் ரெனேயும் குடிலுக்கு வந்தார்கள். ரெனே பொறி வைத்துத் தோல் எடுப்பவர், அதற்குத் தனி அனுமதி வைத்திருப்பவர்.

"அதை விட்டுவிடுங்கள்," என்றார் மர்சேல். "பனிக்காலத்தில் முயல்கள் என் இளம் மரங்களின் பட்டையைச் சுற்றிக் கடித்து மரத்தையே கொன்றுவிடுகின்றன. அந்த முயல்களைத் தின்பது அதுதான். சம்பளம் கேட்காத காவல்காரன்."

"காவல்காரனின் தோலும் நல்ல தோல்தான்," என்று ரெனே சிரித்தார். "பொறி வைக்கும் காலம் வரட்டும், ஒன்று பிடிப்பேன். எல்லாவற்றையும் பிடித்தால் அடுத்த வருடம் எனக்கு என்ன மிஞ்சும்?"

"என் காணிக்குள் பொறி வைத்தால் உன் தோலை நான் எடுப்பேன்."

நான் மொழிபெயர்த்தேன். அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

"விசர்க் கதை. அது மான்குட்டியைத் தின்னுது. நாங்கள் காசைக் கொட்டிப்போட்டுக் குளிருக்க குந்தியிருக்கிறம், அது ஓசியில தின்னுது. கண்டால் வெடிதான்."

"சுட்டால் தின்னுவீங்களோ அத்தான்?"

"பூனையை ஆரடா தின்னுறது?"

"அப்ப பங்கு போடேலாது. பங்கு போடேலாததை ஏன் சுடவேணும்?"

"பாருங்கோ அண்ணை, புரொபெசர் துவங்கீட்டார்."

ஊரில் பங்கு இறைச்சி போடுவதுபோலத்தான் எங்கள் வழக்கம். யார் சுட்டாலும் சமமாகக் குவியல் போடுவோம். ஒருவர் குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். முதுகைக் காட்டி நிற்பவர் பெயர் சொல்வார். சண்டைக்கே இடமில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். தவிர, எங்களிடம் இருந்தது மான் அனுமதி மட்டும், பூனைக்கு அது செல்லாது. அன்று குடிலை விட்டுப் போகும்போது மர்சேல், "அதைத் தொட்டால் அடுத்த வருடம் வேறு காடு பாருங்கள்," என்றார். அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

சனிக்கிழமை ஞானம் அண்ணைக்கு ஓர் ஆண்மான் விழுந்தது. ஞாயிறு காலை, அத்தான் மானுக்குக் காத்திருந்த பரண் பக்கம் ஒரு வெடி. வெறுங்கையோடு வந்தார். "தம்பி, கிழவனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது மர்சேல் அந்தப் பூனையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். எங்கள் மூன்று பரண்களுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில், சருகு மூடிக் கிடந்ததாம். யார் சுட்டது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

"அவர்கள் இருவருக்கும் என்னிடம் பொய் சொல்ல மொழி இல்லை," என்றார். "உனக்கு இருக்கிறது."

நெடுநேரம் மன்றாடினேன். காடு வேண்டும், எங்களை விட்டுவிடாதீர்கள் என்று. அவர் ஒருமுறை அத்தானைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். "மூன்று பேரும் இனி வரவேண்டாம்," என்றுவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நெடுஞ்சாலை ஏறியதும் அத்தான் தொடங்கினார்.

"அவ்வளவு நேரம் கிழவனோட என்ன கதைச்சனீ?"

"மன்னிப்புக் கேட்டனான்."

"ஆரின்ர பேரைச் சொல்லி?"

"ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்லை."

"சொல்லாமலோ அவன் என்னைப் பார்த்தவன்?"

ஞானம் அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு விளங்காத இரண்டு பேர், விளங்காத ஒரு பேச்சுக்கு அர்த்தம் முடிவு செய்துவிட்டார்கள்.

கராஜில் மூன்று குவியல் போட்டார்கள். நான் என் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அத்தான் முதுகைக் காட்டி நின்றார்.

"இது ஆருக்கு?"

"உங்களுக்கு அண்ணை."

"இது?"

"எனக்கு."

ஞானம் அண்ணை மூன்றாவதைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "இது?"

"சுவாமியாருக்கு."

அவர் அதை ஒரு பையில் போட்டுக் கட்டினார். என் பங்கு பங்குத்தந்தையின் வீட்டுக்குப் போனது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது என் பெயர் காட்டிக்கொடுத்தவன் என்று ஆகியிருந்தது. போரைக் கடந்து வந்த எங்கள் சனத்திடம் அந்தச் சொல் என்ன எடை என்று நான் சொல்லத் தேவையில்லை. அக்கா இன்றுவரை என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செம்மஞ்சள் மேலங்கி இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். எந்த மிருகத்துக்கு அனுமதி, எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாருங்கள். காணிக்காரரிடம் எதைச் சுடலாம் என்று கேட்பதற்கு முன், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கேளுங்கள். மர்சேலுக்கு ஒரு காரணம் இருந்தது, ரெனேக்கு ஒரு கணக்கு இருந்தது. அத்தானிடம் துவக்கு மட்டும்தான் இருந்தது. முக்கியமாக, குழுவில் ஒருவருக்கு மட்டும் பிரெஞ்சு தெரியுமென்றால், அந்த ஒருவராகப் போகாதீர்கள்.

சுட்டது அத்தான். மர்சேலிடம் மறைத்ததை இங்கே எழுதிவிட்டேன். அவர்கள் ஒரு வருடமாக என்னை எதுவென்று சொன்னார்களோ, அதை இன்றைக்குத்தான் செய்கிறேன். கீழே பெயர் போடப்போவதில்லை. ஞானம் அண்ணை இதைத் தொட்டு "இது ஆரின்ர?" என்று கேட்கட்டும். அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லட்டும்.